மூன்று திசை பார்த்த குரங்கு

கோடையில் அந்தக் காட்டில் மிஞ்சியது ஒரே ஒரு குட்டை. புள்ளிமான்கள் அதில் வாய் வைக்க ஒரு வழக்கம் இருந்தது. கரையோர மருத மரத்தில் காவலர் ஏறி, நான்கு திசையும் பார்த்து, இலைக்கொத்து ஒன்றைக் கீழே போடவேண்டும். அதன் பிறகே தண்ணீரில் இறங்கலாம்.

பழைய காவலர் போய்ச் சேர்ந்ததால் புதிய காவலருக்குத் தேர்வு நடந்தது. சடையன் என்ற குரங்கும் செம்பி என்ற மலையணிலும் வந்தன.

மரங்கொத்தி வைத்தியர் இரண்டின் தலையையும் தட்டிப் பார்த்தார். "ஆகா! சடையன் தலை பலாப்பழம்போல நிறைந்திருக்கிறது!"

அடுத்துக் கவனத்தை அளக்கக் கிளையைத் தட்டினார். ஒற்றைத் தட்டுக்கு வாலைத் தூக்கவேண்டும். இரட்டைத் தட்டுக்குச் சும்மா இருக்கவேண்டும். சடையன் எல்லாவற்றுக்கும் தூக்கியது. தட்டாதபோதும் தூக்கியது! செம்பி ஒருமுறைகூடத் தவறவில்லை.

"சும்மா இருப்பதெல்லாம் ஒரு திறமையா?" என்று சிரித்தார் மான்களின் தலைவர். ஒரு விடுகதை போட்டார். பாதியிலேயே சடையன் விடை சொன்னது. அதுவும் சரியான விடை! செம்பி இன்னும் கேள்வியையே யோசித்துக்கொண்டிருந்தது. வேலை யாருக்குக் கிடைத்தது என்று சொல்லவும் வேண்டுமா?

மறுநாள் காலை மான்கள் கூடின. பூவிழி என்ற பெண்மானின் குட்டிக்கு இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. நாக்கு வெளியே தொங்கியது.

சடையன் ஏறியது. கிழக்கு, தெற்கு, மேற்கு. இலைக்கொத்து விழுந்தது.

"வடக்கு?" என்றது பூவிழி.

"அக்கா, சிறுத்தை நேற்றுத்தான் ஒரு பன்றியைத் தின்றது. வயிறு நிறைந்த சிறுத்தை வேட்டைக்கு வராது. யோசித்தாலே தெரியுமே!"

"யோசித்தாய், சரி. பார்த்தாயா, தம்பி?"

"அறிவாளியிடம் என்ன கேள்வி!" என்று தலைவர் முதல் ஆளாக இறங்கினார்.

குட்டி துள்ளியது. பூவிழி குறுக்கே நின்றது. குட்டி அழுது முட்டியது. பூவிழி நகரவில்லை.

வடக்குப் புதர் அசைந்தது. பன்றி செரித்துவிட்டது போலும். தலைவர் பதவி காலியானது.

சிறுத்தை போனபின் மான்கள் திரும்பி வந்தன. நடந்ததற்குச் சடையன் ஏழு காரணங்கள் சொன்னது. ஏழும் அருமை! வைத்தியர் மறுபடியும் தட்டிப் பார்த்து, "மூளை துளியும் குறையவில்லை!" என்றார்.

"இருக்கட்டும் ஐயா. காலையில் அது வேலைக்கு வரவில்லை, அவ்வளவுதான்" என்றது பூவிழி. "செம்பி, நீ ஏறு!"

செம்பி நான்கு திசையும் பார்த்தது. வடக்கை இன்னொரு முறை பார்த்தது.

"இவ்வளவு நேரமா?" என்று சலித்துக்கொண்டது சடையன். யாரும் திரும்பவில்லை. இலைக்கொத்து விழுந்தது. குட்டி வயிறு முட்டக் குடித்தது.

ஒரு நொடி நிற்கத் தெரியாத மூளை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதை நம்பித் தண்ணீரில் இறங்காதே.