இன்னொரு கிண்ணம்

கோவையில் பம்ப் தொழிற்சாலை நடத்திவந்த திருவேங்கடம், ஐம்பதைத் தாண்டிய பிறகு தொழிலைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுச் சமையல் கற்கப் போனார். கற்றுக்கொடுத்த செலின் அவரைவிட வயதில் நன்றாக இளையவர். ஆனாலும் அவர் எதிரில் திருவேங்கடம் உட்கார்ந்ததில்லை.

கற்று முடித்து, ‘வரிசை’ என்று ஓர் உணவகம் தொடங்கினார். அங்கே மெனு கார்டு கிடையாது. வந்து உட்கார்ந்தால், அவர் தீர்மானித்த பண்டங்கள் சின்னச் சின்னத் தட்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எந்தத் தட்டு எப்போது வெளியே போக வேண்டும் என்பதை, பம்ப் பாகங்களைப் பொருத்துவதுபோல இம்மி பிசகாமல் பொருத்தி வைத்திருந்தார்.

திறப்பு நாள் மதியம் எல்லா மேசைகளும் நிறைந்துவிட்டன. செலின் தனியாக வந்தார். திருவேங்கடம் வாசலுக்கே ஓடினார்.

“வாங்க டீச்சர்! காலையில இருந்து கை நடுங்குதுங்க.”

“எனக்கும் நடுங்குது. பசி.”

“சாப்பிட்டுட்டு ஒண்ணே ஒண்ணு சொல்லணுங்க. எது நல்லா இருந்துச்சுன்னு.”

“முதல்ல போடுங்க.”

கம்பு அப்பளத்தின் மேல் நாட்டுத் தக்காளிச் சாறு கட்டியாக உறைந்து வந்தது. பிறகு, ஒரே வாயில் போட்டுக்கொள்ளும் அளவில் மிளகாய் வறுவல் கோழி. கூடம் தேர்வு அறைபோல இருந்தது. வந்தவர்கள் தட்டைப் படம் எடுத்தார்கள், மெதுவாகக் கடித்தார்கள், மெதுவாகப் பேசினார்கள். திருவேங்கடம் சமையலறைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்து ஒரு சின்னக் கிண்ணம் போனது. இளநீர் வழுக்கையை நாடா நாடாவாகச் சீவி, கொட்டாங்குச்சிக் கங்கின் புகை பிடித்த மோரில் போட்டு, மேலே வறுத்த கொள்ளைத் தூவியிருந்தார்.

செலின் ஒரு வாய் சாப்பிட்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார். மடமடவென்று காலி செய்து, கிண்ணத்தைத் தூக்கி மிச்ச மோரையும் குடித்தார். பிறகு கையை உயர்த்தினார்.

“இதுல இன்னொரு கிண்ணம் வேணும்.”

பரிமாறிய பெண் திகைத்துப்போய் உள்ளே ஓடினாள். திருவேங்கடம் வெளியே வந்தார்.

“டீச்சர், இங்க ரெண்டாந்தடவை கிடையாதுங்க. அடுத்த தட்டு தயாரா இருக்குதுங்க. இதைவிட நல்லா இருக்கும்.”

“இருக்கட்டும். எனக்கு இது வேணும்.”

“வரிசை குலைஞ்சு போயிருமுங்க.”

“எது நல்லா இருந்துச்சுன்னு நீங்கதானே கேட்டீங்க? அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

திருவேங்கடத்துக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் முகமெல்லாம் சிரிப்புதான் வந்தது. ஓடிப்போய்த் தன் கையாலேயே இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார்.

பக்கத்து மேசையில் இருந்த மீசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க, அந்தம்மாவுக்கு மட்டுந்தானுங்களா?”

அவ்வளவுதான். “இங்க ரெண்டு!” என்றது ஒரு குரல். “எங்களுக்குக் கேட்கவே கூச்சமா இருந்துச்சுங்க” என்றது இன்னொன்று. சன்னலோரத்தில் ஒரு அம்மாள் தன் கிண்ணத்தை ஏற்கெனவே நீட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளே திருவேங்கடத்தின் வலதுகையான இர்ஃபான் தலையில் கைவைத்து நின்றான்.

“சார், கருப்பட்டிக் கூடுகளைக் காத்துப் புகாத பெட்டியில இருந்து எடுத்துத் தட்டுல வச்சாச்சு. இப்பவே மத்தத் தட்டெல்லாம் முடிச்சு அனுப்பினாத்தான் அது நிற்கும். இவங்களுக்கு மோர் ஊத்திக்கிட்டிருந்தா இளகிடும்.”

கருப்பட்டிக் கூடு வரிசையின் கடைசித் தட்டு. கருப்பட்டிப் பாகை இழுத்துக் குருவிக்கூடுபோலக் கட்டியது, கண்ணாடிபோல மெல்லியது. மேலே சூடான சுக்குக் காப்பியை ஊற்றினால் விரிசல் விட்டு உடையும். அதை நிற்க வைக்கவே திருவேங்கடம் மாதக்கணக்கில் பாடுபட்டிருந்தார்.

அவர் கூடுகளைப் பார்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம் மீசைக்காரர் சன்னலோர அம்மாளிடம், மோருக்கு எப்படிப் புகை பிடிப்பது என்று தனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் விளக்கிக்கொண்டிருந்தார். மேசைக்கு மேசை சிரிப்பு.

“சார், என்ன செய்யட்டும்?”

“இளநீர் வெட்டு.”

“சார்…”

“வெட்டுடா! கங்கு போடு! ஏம்மா, கொள்ளு எங்க?”

அதன்பிறகு அந்தச் சமையலறையில் யாரும் நடக்கவில்லை. எல்லாரும் ஓடினார்கள். திருவேங்கடம் வியர்க்க வியர்க்க வழுக்கையைச் சீவினார். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். மூன்றாவது கேட்டவர்களுக்கும் கொடுத்தார். மற்றத் தட்டுகளில் சில முன்பின்னாகப் போயின. சில போகவே இல்லை. கூடுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து தட்டில் பரவின.

வந்தவர்கள் வயிற்றைத் தடவிக்கொண்டு, சத்தமாகப் பேசியபடி கிளம்பிப் போனார்கள். செலின் மட்டும் இருந்தார்.

திருவேங்கடம் இளகிப்போன ஒரு கூட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். முதன்முறையாக, அவர் எதிரில் உட்கார்ந்தார்.

“இதாங்க என் கடைசித் தட்டு. நின்னிருந்தா எப்படி இருந்திருக்கும் தெரியுங்களா?”

“தெரியாது.”

“யாருமே பார்க்கலீங்க.”

செலின் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“எனக்கு என்னென்ன தெரியுமோ, அத்தனையும் இன்னிக்கே காட்டிரணும்னு இருந்தேன் டீச்சர்.”

செலின் இளகிய கருப்பட்டியை விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“காட்டியிருந்தா, நாளைக்கு நான் எதுக்கு வர்றது?”