பத்து நிமிடம் பிடித்த நாடி

குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு அறுபத்தொன்று.

குரு, ராணுவ மருத்துவர் மேஜர் திலகவதி. சீடர், அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டாக்டர் சூசைமரியான். ஆள்சேர்ப்பு முகாமுக்கு டாக்டர்கள் போதவில்லை என்று அவரை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். தெரியாததை வயது பார்க்காமல் திலகவதியிடம் கேட்டுவிடுவார். அந்த ஒன்றுக்காகவே அவரை யாருக்கும் பிடிக்கும்.

முகாமின் முதல் நாள். பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டம், வகுப்பறையில் மருத்துவப் பரிசோதனை. ஓடி முடித்தவர்கள் வெயிலில் வரிசையாக நின்று ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். சூசைமரியான் நாடியைப் பிடிப்பார், பதினைந்து விநாடி எண்ணுவார், நாலால் பெருக்கி எழுதுவார். பிரஷர் பார்ப்பார். சந்தேகம் என்றால் மறுபரிசோதனைச் சீட்டு. அதற்குப் பெரிய ஆஸ்பத்திரியில் நாள் கிடைக்க நாற்பது நாள் ஆகும். காலையிலிருந்து மூன்று பேரில் ஒருவருக்கு அந்தச் சீட்டுதான்.

போன முகாமில் தாமதம் அதிகம், இந்த முறை குறையுங்கள் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. மைதானத்தில் ஓட்டத்தைக் கவனித்துவிட்டுத் திலகவதி அப்போதுதான் அறைக்குள் வந்தார்.

"எப்படி மேடம் குறைக்கிறது? இன்னும் ரெண்டு டாக்டர் கேட்போமா?"

"கேட்கலாம். அடுத்த ஆளைக் கூப்பிடுங்க சார்."

வேல்மயில் வந்தான். விளாத்திகுளம் பக்கத்துக்காரன். மார்பை விரித்து, மூச்சை அடக்கி, கம்பம் மாதிரி நின்றான். டாக்டர் முன்னால் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று பயிற்சி மையத்தில் யாரோ புத்திசாலி சொல்லி அனுப்பியிருந்தார்.

நாடி நூற்றுப் பதினாறு. பிரஷரும் ஏறியிருந்தது. சூசைமரியான் சீட்டை எழுதினார்.

"நாப்பது நாளா சார்?" அவன் குரல் உடைந்தது. "அதுக்குள்ள லிஸ்டை மூடிருவாங்க. அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிரும் சார்."

"நான் என்னப்பா பண்ணட்டும்? ரூல் அப்படி."

திலகவதி சீட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருப்பா. மூச்சை விடு. நெஞ்சு அளக்கிறது அடுத்த ரூம்ல." பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார். "நீங்களும் உக்காருங்க சார். அவன் கையைப் பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க."

"எண்ணணுமா மேடம்?"

"வேண்டாம். சும்மா பிடிச்சிருங்க."

இரண்டு நிமிடம் போனது. வாசலில் ஹவில்தார் தலையை நீட்டினார்.

"மேடம், லைன் அப்படியே நிக்குது."

"நிக்கட்டும்."

முதலில் விரலுக்கடியில் ஒரே தடதடப்பு. நாலாவது நிமிடம் அது தயங்கியது. அடுப்பைத் தணித்ததும் பொங்கிய பால் இறங்குவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஏழாவது நிமிடம் வேல்மயிலின் தோள் தளர்ந்தது. அதற்கு முன்பே சூசைமரியானின் விரலுக்கு அது தெரிந்துவிட்டது.

எத்தனையோ ஆயிரம் கைகளைப் பிடித்தவர் அவர். ஒன்றைக்கூட ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்ததில்லை. ஒரு மனிதனை விட்டுப் பயம் இறங்கிப் போவதை இப்போதுதான் முதல்முறையாகத் தொடுகிறார். அவருக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. கண் நிறைந்தது. துடைக்கக் கையை எடுக்கவும் மனம் வரவில்லை.

"இப்ப எண்ணுங்க. முழு நிமிஷம்," என்றார் திலகவதி, பத்தாவது நிமிடம்.

"எழுபத்து மூணு," என்றார் சூசைமரியான்.

பிரஷரும் சரியாக இருந்தது. திலகவதி அந்தச் சீட்டைக் கிழித்தார். வாசல்வரை போன வேல்மயில் திரும்பி நின்று ஒரு சல்யூட் அடித்தான். அதுவும் சரியாக வரவில்லை.

சூசைமரியான் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷமும் இது என் கைக்குள்ளயே இருந்திருக்கே மேடம்."

திலகவதி கிழித்த சீட்டைக் குப்பைக்கூடையில் போட்டார்.

"ஆனா ஆளுக்குப் பத்து நிமிஷம்னா, வரிசை எப்ப முடியும்?"

"பத்துப் பத்துப் பேரா உள்ள பெஞ்சுல உக்கார வைங்க. எல்லாருக்கும் சேர்த்து அதே பத்து நிமிஷம்தான். அதுக்கப்புறமும் இறங்கலைன்னா சீட்டு எழுதுங்க. அவனுக்கு அந்த ஆஸ்பத்திரி வேணும்."

தலையாட்டியவர் மேசையைப் பார்த்தார். காலையிலிருந்து கிழித்துக் கொடுத்த சீட்டுகளின் அடிக்கட்டைகள் அங்கே இருந்தன. எண்ணினார். பத்தொன்பது. அவர் முகம் வெளுத்துப்போனது.

"மேடம், இந்தப் பத்தொன்பது பேர்?"

திலகவதி ஜன்னலைக் காட்டினார். கேட்டுக்கு வெளியே, சாலையோரம், பையும் சீட்டுமாகப் பையன்கள் நின்றிருந்தார்கள். தூரத்தில் பஸ் வந்துகொண்டிருந்தது.

"நான் இப்ப என்ன பண்ணணும்?"

"இப்பதான் சார் அவசரம். ஓடுங்க."