பன்னிரண்டு தூணும் முப்பத்தாறு கயிறும்

முன்னொரு காலத்தில் மணவாளபுரி என்ற தேசத்தை உதாரகேசரி என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனசுக்காரர்தான். ஆனால் கோபம் வந்துவிட்டால் போச்சு. ஊர்வலத்தில் ஒருவன் முறுக்கைக் கடித்தான். சத்தம் ராஜாவின் காதில் விழுந்தது. "பிடித்து உள்ளே போடு!" இன்னொருவனின் எருமை, ராஜா பேசும்போது கத்திவிட்டது. "எருமையை விடு, அவனை உள்ளே போடு!"

உள்ளே போனவர்களுக்கெல்லாம் சோறு பொங்கிப் போட்டவள் அங்காயி. ஒருநாள் சிறையைப் பார்க்க வந்த ராஜா, அவள் வைத்த கொள்ளுரசத்தை ருசித்துவிட்டு, "அரண்மனையில்கூட இப்படிக் கிடைப்பதில்லையே!" என்றார். அரண்மனைச் சமையல்காரனோ உபமந்திரி அமரபுயங்கரின் மைத்துனன். அன்றிலிருந்து உபமந்திரிக்கு வயிறு எரிந்தது. அங்காயியைக் கவிழ்க்க வழி தேடிக்கொண்டே இருந்தார்.

பங்குனி கடைசி நாள். சபை கூடியிருந்தது. அமரபுயங்கர் எழுந்தார்.

"மகாராஜா, சிறைவாசல் காவலனின் ஓலைப்படி இந்த வருஷம் உள்ளே போனவர்கள் முப்பத்தாறு பேர். அங்காயியோ மாதாமாதம் 'இத்தனை பேருக்கு அரிசி' என்று சீட்டுக் கொடுத்து வாங்கியிருக்கிறாள். பன்னிரண்டு சீட்டையும் கூட்டினேன். நூற்றுப் பன்னிரண்டு பேர்! மீதி எழுபத்தாறு பேர் யார்? பேயா, பிசாசா?"

அங்காயியை இழுத்து வந்தார்கள்.

"பதில் சொல்! சொல்லாவிட்டால் இன்று முதல் நீயும் உள்ளேதான்" என்று உறுமினார் ராஜா.

அங்காயி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"மகாராஜா, உபமந்திரி ஐயா நேத்தும் சபைக்கு வந்தாரு, இன்னைக்கும் வந்திருக்காரு. அதுக்காக ரெண்டு ஐயாவா?"

"ஒருவரையே சமாளிக்க முடியவில்லை!" என்றார் ராஜா. சபை கொல்லென்று சிரித்தது.

அமரபுயங்கர் முகம் கறுத்துப்போனது. "வாய்ப்பேச்சு வேண்டாம். நிரூபித்துக் காட்டட்டும்!"

"காட்டுறேன். முப்பத்தாறு கயிறு கொடுங்க, ஒவ்வொண்ணும் இந்த மண்டபத்து நீளத்துக்கு. ஓலையை ஐயாவே படிக்கட்டும்."

அந்த மண்டபத்தில் வாசலிலிருந்து சிம்மாசனம் வரைக்கும் வரிசையாகப் பன்னிரண்டு தூண்கள். வாசல் பக்கத்துத் தூணைத் தொட்டு, "இது சித்திரை" என்றாள் அங்காயி. அடுத்தது வைகாசி. இப்படியே போய், சிம்மாசனத்தை ஒட்டி நின்ற கடைசித் தூண் பங்குனி.

உபமந்திரி மிடுக்காகப் படிக்க ஆரம்பித்தார். "எருமைக்காரன் வேலப்பன். ஆனியில் வந்தான், ஆவணியில் போனான்."

அங்காயி ஆனித் தூணில் ஒரு நுனியைக் கட்டினாள். ஆடித் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆவணித் தூணில் முடிச்சுப் போட்டு, மிச்சத்தை அறுத்தாள். அடுத்தவன் வந்த மாதமே போய்விட்டவன். அவன் கயிறு ஒரே தூணோடு நின்றது.

"அவனை ஏன் கணக்கில் சேர்க்கிறாய்? அவன்தான் போய்விட்டானே!" என்று பாய்ந்தார் உபமந்திரி.

"போற வரைக்கும் அவனுக்குப் பசிக்காதா ஐயா?"

முப்பத்தாறு கயிறும் கட்டி முடிந்தன. "இப்போ தூணுக்குத் தூண் எண்ணுங்க ஐயா, சீட்டோட ஒத்துப் பாருங்க" என்றாள்.

அவர் எண்ணினார். சித்திரை மூன்று, சீட்டிலும் மூன்று. வைகாசி ஐந்து, சீட்டிலும் ஐந்து. ஆனி பதினேழு. போகப் போக அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. பங்குனி எட்டு என்று சொன்னது அவருக்கே கேட்டிருக்காது. பன்னிரண்டு தூணும் சீட்டும் அட்சரம் பிசகாமல் ஒத்துப்போயின.

"ஒரு கயிறு நாலு தூணைத் தொட்டால் நாலு மாதம் சோறு. ஆனால் ஆள் ஒருவன்தான்! இதுகூடவா தெரியவில்லை, அமரபுயங்கரே?" என்று தொடையில் தட்டிச் சிரித்தார் ராஜா.

சிரித்துக்கொண்டே தூண்களைப் பார்த்தவர் சட்டென்று நிறுத்தினார். மூன்று தூண்கள் மட்டும் கயிறு மண்டிப் பெருத்திருந்தன.

"ஆனி பதினேழு, புரட்டாசி பதினாறு, மாசி பதினாலு. மற்ற மாதம் எதுவும் ஒன்பதைத் தாண்டவில்லை. இந்த மூன்றில் மட்டும் என் ஜனங்களுக்கு என்ன வந்தது?" யோசித்தவரின் கை தானாக வயிற்றுக்குப் போனது. "அடடா! அந்த மூன்று மாதமும் வைத்தியர் எனக்குப் பத்தியம் வைத்த மாதங்கள்!"

சபையில் சிரிக்க யாருக்கும் தைரியமில்லை. ராஜாவே வெட்கப்பட்டுச் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் மூச்சு விட்டார்கள்.

"சரி, பங்குனித் தூணில் இந்த ஆறு கயிறு மட்டும் ஏன் முடிச்சில்லாமல் தொங்குகிறது?"

அங்காயி ஆறு நுனிகளையும் எடுத்து வந்து ராஜாவின் கையில் வைத்தாள். "இவங்க போற நாள் ஓலையில இல்ல மகாராஜா. 'ராஜாவுக்கு ஞாபகம் வரும்வரை'ன்னுதான் எழுதியிருக்கு. பிடிச்சுக்குங்க."

ராஜா பிடித்துக்கொண்டிருந்தார். கை வலித்தது. "எவ்வளவு நேரம்தான் பிடிப்பது?"

"உங்களுக்கு ஞாபகம் வரும்வரை மகாராஜா" என்றாள் அங்காயி, தாழ்ந்த குரலில்.

ராஜா அந்தக் கயிறுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு விரல்களைத் திறந்தார். ஆறு கயிறும் தரையில் விழுந்தன.

"இனி போகிற நாள் எழுதாமல் யாரையும் உள்ளே அனுப்பக் கூடாது. பத்திய மாதத்தில் நான் தீர்ப்பே சொல்லமாட்டேன். அங்காயி, இன்று முதல் சிறைக்கு நீதான் அதிகாரி. அமரபுயங்கரே, அந்த ஆறு பேரையும் நீரே நடத்திக்கொண்டு போய் அவரவர் வீட்டில் விட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு வாரும். பல்லக்கு கிடையாது."

பங்குனி வெயிலில் உபமந்திரி நடந்தார். ஆறாவது வீடு நாகசுரக்காரன் சடையனுடையது. கதவைத் திறந்த அவன் மனைவி புருஷனையும் உபமந்திரியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மறுபடி எப்போ வந்து கூட்டிக்கிட்டுப் போவீங்க சாமி?"

அமரபுயங்கர் கைகூப்பினார். "இல்லையம்மா. இனி வரமாட்டோம். தப்பு எங்களுடையது" என்றார். கட்டளைக்காகச் சொல்ல வந்தவர், உண்மையாகவே சொன்னார்.

அவள் உள்ளே ஓடிப்போய் ஒரு செம்பு நீர்மோர் கொண்டுவந்து, முதலில் அவரிடம் நீட்டினாள்.