முற்றத்து மண்

கடலோர ஊர் ஒன்றில் பிறந்த ஜெசிந்தா, முப்பத்தெட்டு வயதில் மண்ணின் கதிர்வீச்சை அளக்கப் படிக்க வந்தாள். ஆசிரியை இந்திராணி அவளைவிட இரண்டு வயது இளையவர்.

ஜெசிந்தாவின் ஊர் மணல் கறுப்பு. இயற்கையாகவே அதில் தோரியம் உண்டு. அம்மா புற்றுநோயில் போனதும் ஊரை விட்டு வந்தவள், எட்டு வருஷமாக அந்தப் பக்கம் போகவில்லை. அப்பா மட்டும் வீட்டை விட்டு வர மாட்டேன் என்று அங்கேயே தங்கிவிட்டார்.

வீட்டு முற்றத்திலிருந்து அவர் தபாலில் அனுப்பிய மண்ணை ஜெசிந்தா உலர்த்திச் சலித்தாள். டப்பாவில் காற்றுப் புகாமல் அடைத்து, உள்ளே கதிர்வீச்சு நிலைப்பட ஒரு மாதம் காத்திருந்தாள். பிறகு ஈயக் கூண்டுக்குள் கருவியின் மேல் வைத்தாள். மறுநாள் காலை எண் வந்தது. நகரத்து மண்ணைப்போல் முப்பது மடங்கு.

தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியையிடம் ஓடினாள்.

"மேடம், எங்கம்மாவைக் கொன்னது இந்த மண்ணுதானா?"

இந்திராணி தாளை நிதானமாகப் பார்த்தார்.

"தெரியாது."

"இவ்வளவு வந்த பிறகுமா?"

"ஆயிரக்கணக்கான பேர் அங்கே வாழ்ந்தா, எத்தனை பேருக்கு ஆபத்து கூடலாம்னு ஒரு கணக்குப் போடலாம். அதுகூட உறுதியில்லை. உங்கம்மா அதுல ஒருத்தரான்னு எந்தக் கருவியும் சொல்லாது."

ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கியது. அதைக் கேட்கத்தானே இந்தப் படிப்புக்கே வந்தாள்!

"அப்போ நான் அங்கே போகலாமா, கூடாதா? அதையாவது சொல்லுங்க."

"பத்து நாள் அங்கே இருந்தா உடம்புல எவ்வளவு கதிர்வீச்சு ஏறும்? நீங்களே போடுங்க."

போட்டாள். போன வருஷம் இடுப்பு வலிக்கு எடுத்த சி.டி. ஸ்கேனில் ஏறியதில் இருபதில் ஒரு பங்குகூட வரவில்லை. மறுபடி போட்டாள். அதேதான் வந்தது.

இந்திராணி மேசையில் கிடந்த தபால் உறையை எடுத்தார். மகளை ஊர் வழக்கப்படி 'மக்களே' என்று கூப்பிட்டு அப்பா கோணல் எழுத்தில் எழுதியிருந்தார்: 'மக்களே, முத்தத்து மண்ணு. போதாதுன்னா சொல்லு, இன்னும் அனுப்புதேன்.'

"எந்த இடத்துல, எவ்வளவு ஆழத்துல எடுத்தார்னு இதுல இல்லையே. இந்த சாம்பிள் செல்லாது. அளக்கிறவங்கதான் மண்ணை அள்ளணும்."

எழுபத்தாறு வயதில், அந்த முழங்கால் வலியோடு, அப்பா எப்படிக் குனிந்து அள்ளியிருப்பார்?

"காலையில பஸ் பிடிச்சா சாயந்தரமே திரும்பிடலாம் மேடம். மண் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"மண் எடுக்க அரை மணி நேரம் போதும். லீவைப் பத்து நாளைக்கு எழுதுங்க."