வாயைத் திறந்தால் சட்டம்

மேகலாபுரி மன்னர் வச்சிரபாகுவுக்குப் புகழ்ச்சி என்றால் உயிர். ஆனால் அந்த நாட்டில் சட்டம் போடவும், போட்டதை நீக்கவும் மகாசபைக்கு மட்டும்தான் அதிகாரம். சட்டம் வந்துவிட்டால் மன்னரும் மீற முடியாது. சபையில் நாற்பது பேர். தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். செயலர் ஆவுடையப்பன் தலைகளை எண்ணிச் சொல்வார். அதுதான் அங்கே வழக்கம்.

ஒருநாள் மன்னர் சபைக்கு வந்தார். "நான் வாயைத் திறந்தால் எல்லோரும் எழுந்து நின்று 'ஆஹா' சொல்ல வேண்டும். சட்டம் போடுங்கள். இல்லையென்றால் சபையை இழுத்துப் பூட்டிவிடுவேன்" என்று இடுப்பில் தொங்கிய சாவியை ஆட்டிக் காட்டினார்.

உறுப்பினர்கள் கொதித்தார்கள். ஆவுடையப்பன் மட்டும், "போட்டுக் கொடுத்துவிடுங்கள். மகாராஜா ஆசைதீர அனுபவிக்கட்டும்" என்று கிசுகிசுத்தார்.

மறுநாள் காலை மன்னர் கொட்டாவி விட்டார். "ஆஹா!" தண்ணீர் கேட்டார். அரண்மனையே எழுந்து நின்று போட்ட சத்தத்தில் யார் காதிலும் அது விழவில்லை. நாலு இட்லி சாப்பிடுவதற்குள் இருபத்தேழு ஆஹா. மத்தியானம் கண்ணயர்ந்து குறட்டை விட்டார். காவலர்கள் கடமை தவறவில்லை.

மூன்றாம் நாள், கண்கள் சிவந்து சபைக்கு வந்த மன்னர் ஓர் ஓலையை நீட்டினார். 'சட்டத்தை நீக்கு. இல்லையேல் பூட்டு.'

ஆவுடையப்பன் ஓலையை வாங்கிப் படித்துவிட்டு யோசித்தார். இன்று நீக்கினாலும் நாளை வேறொரு ஆசை வரும். மறுபடி பூட்டைக் காட்டுவார். சாவி அவர் இடுப்பில் இருக்கும்வரை சபைக்கு நிம்மதி ஏது?

"நீக்கிவிடலாம், மகாராஜா. அதற்கு முன்னால் சின்னதாக ஒரு தீர்மானம். சபையின் சாவி இனிமேல் சபையிடமே இருக்கும். ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம்."

மன்னர் துள்ளி எழுந்து, "முடியா..." என்று வாயைத் திறந்தார்.

நாற்பது பேரும் எழுந்து நின்றார்கள். "ஆஹா!"

ஆவுடையப்பன் நிதானமாக எண்ணினார். "நாற்பதுக்கு நாற்பது. தீர்மானம் நிறைவேறியது."

"அடப்பாவி..."

"ஆஹா!"

"மறுபடியும் நாற்பது" என்று எழுதிக்கொண்டார் ஆவுடையப்பன்.

மன்னருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அங்கவஸ்திரத்தால் வாயைப் பொத்திக்கொண்டு வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சாவியை அவிழ்த்து ஆவுடையப்பன் கையில் வைத்துவிட்டு, ஓலையைச் சுட்டிக் காட்டினார்.

"அதுவா, மகாராஜா? நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம். நின்று நின்று உறுப்பினர்களுக்குக் கால் வலிக்கிறது."