மச்சாது ஆயிரமாவது லெவலுக்குப் போன கதை

பதினாலு மாசமாக நாங்கள் மூணு பேரும் ரெண்டாம் லெவலிலேயே கிடந்தோம்.

இடம், பாளையங்கோட்டையில் செல்வின் அண்ணாச்சியின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு அங்கே கூடிவிடுவோம். அண்ணாச்சி கதை சொல்லுவார். கதைக்குள்ளே எங்களுக்கு ஆளுக்கொரு வேஷம். என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்லுவோம், அது பலிக்குமா பலிக்காதா என்று இருபது பக்கப் பகடை சொல்லும், பெரிய எண் விழுந்தால் பலிக்கும். ஜெயிக்க ஜெயிக்க நம்ம ஆளுக்கு லெவல் ஏறும், பலம் கூடும். ஏற்றிவிடுகிற அதிகாரம் அண்ணாச்சி கையில். அந்தக் கை லேசில் திறக்காது.

பல் டாக்டர் ஜெரினா வாள் வீராங்கனை. வாள் இன்னும் மரவாள்தான். ஸ்கூல் வேன் ஓட்டும் கொம்பையா மந்திரவாதி. அவருக்குத் தெரிந்த ஒரே மந்திரம் மெழுகுவத்தி ஏற்றுவது. தபாலாபீஸ் முப்பிடாதியாகிய நான் திருடன். இதுவரை திருடியது ஒரு கரண்டி.

அன்றைக்கு ஜெரினா பகடையை மேஜையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

“அண்ணாச்சி, இன்னைக்கு லெவல் ஏத்துங்க. இல்லைன்னா அடுத்த வாரத்துல இருந்து ஆட்டம் என் வீட்ல. நானே நடத்துதேன். இவங்க ரெண்டு பேரும் அங்க வந்துருவாங்க.”

நானும் கொம்பையாவும் தரையைப் பார்த்தோம். அண்ணாச்சி முகம் சுருங்கிவிட்டது. இந்த மூணு மணி நேரத்துக்காகவே வாரம் பூராவும் கண்ணாடி துடைக்கிற மனுஷன் அவர். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“டாக்டரம்மா, லெவல் குடுக்க எனக்கு மனசில்லாமலா? ஒருதரம் குடுத்துப் பட்டவன் நான். தூத்துக்குடில இருந்தப்ப மச்சாதுன்னு ஒருத்தன் நம்ம கிட்ட ஆடினான். ஐஸ் ஃபேக்டரில வேலை. கதையில கோடரி வீரன். ஆரம்பத்துல ஒரு கோழி அவனை அடிச்சுத் தொரத்திச்சு. பாவமேன்னு வாரம் ஒரு லெவல் போட்டேன். அஞ்சாவது வாரம் டிராகன் குகைக்குப் போறான். இவன் நிழலைப் பாத்ததுமே அந்த டிராகன் என்ன செஞ்சிச்சு தெரியுமா? தன் பல்லைத் தானே புடுங்கிக் கையில குடுத்துட்டு, உள்ள போய்ப் படுத்துக்கிடுச்சு.”

“வேரோடயா?” என்றார் ஜெரினா.

“வேரோட.”

“மரத்துப்போற ஊசி போடாமலா?”

“பயத்துலயே மரத்துப்போச்சும்மா. குறுக்க பேசாதீங்க. நான் அதோட நிப்பாட்டியிருக்கணும். புத்தி கெட்டுப்போய், உருட்டுக்கு ஒரு லெவல்னுட்டேன். அவன் பலத்தை எழுதத் தாள் பத்தல. ஒட்டி ஒட்டி, மாடிப்படி இறங்கி, பஜாரைத் தாண்டி, ஹார்பர் கேட்டுக்குப் போயிட்டு தாளு. கோடரி வீச்சுக்கு எத்தனை புள்ளின்னு பாக்கணும்னா ஆட்டோ பிடிச்சுப் போய்ப் பாத்துட்டு வரணும்.”

“மழை பெஞ்சா?” என்றேன்.

“அவன் பேரைப் பாத்துட்டு மழை கடலுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிக்கிடும் வே. அடுத்தாப்ல இருபது பக்கப் பகடை பத்தல. ஆயிரம் பக்கத்துல ஒண்ணு செய்யச் சொன்னேன். அத்தனை பக்கம் வச்சா அது பந்துதானே? மச்சாது உருட்டினான். மேஜையை விட்டு இறங்கிச்சு, தெருவுக்குப் போச்சு, திருநெல்வேலி ரோட்டைப் பிடிச்சிட்டு. பின்னாலேயே நாங்க பைக்ல போறோம். வாகைக்குளம் தாண்டிச்சு. வல்லநாட்டு ஆத்துப் பாலத்துல போய்த்தான் நின்னுச்சு.”

“எவ்வளவு விழுந்துச்சு?” கொம்பையா தன்னை மறந்து கேட்டுவிட்டார்.

“ஒண்ணு.”

“அப்ப வீச்சு தப்பியிருக்குமே!”

“தப்பிச்சு. தப்பின கோடரி பட்டே கதையில மூணு மலை சாஞ்சிட்டு. அதுக்குப் பிறகு சண்டைக்கு ஆளே கிடையாது. ‘பூதத்தோட வீட்டுக் கதவைத் தட்டுத’ன்னு நான் சொன்னா, பூதத்தோட பொண்டாட்டி எட்டிப் பாத்து, ‘அவாள் ஊர்ல இல்ல’ன்னு கதவைச் சாத்திக்கிடுவா. நாகர்கோவில்ல ஆடுற பயலுவ கிட்டச் சொல்லி நாலு அரக்கனைக் கடன் வாங்கினேன். வந்தவனுவ விஷயம் தெரிஞ்சு அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிட்டானுவ.”

ஜெரினா வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. அதைப் பார்த்ததும் அண்ணாச்சிக்குக் குரல் ஏறியது.

“இன்னும் கேளுங்க. ஆயிரமாவது லெவல் ஏறின அன்னைக்கு அந்தக் கோடரி வீரன் தாளை விட்டு எந்திரிச்சு, என் நாற்காலில உக்காந்துட்டான். ‘ஓய் செல்வின், நீ ஒரு இருட்டுக் கிணத்துக்குள்ள இறங்குத. பகடையை உருட்டு’ங்கான். எனக்கே கதை சொல்லுதான்! நான் உருட்டினேன். ரெண்டு விழுந்துச்சு. இங்க பாருங்க,” என்று வேட்டியை முழங்காலுக்குத் தூக்கி ஒரு தழும்பைக் காட்டினார். “கிணத்துல விழுந்த காயம். அன்னைக்குச் சத்தியம் பண்ணினேன். இனிமே லெவலைச் சொட்டு மருந்து மாதிரித்தான் விடணும்னு.”

மூணு பேரும் தழும்பைப் பார்த்தோம். கொம்பையா சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார்.

“அண்ணாச்சி, தூத்துக்குடில நான் லோடு வண்டி ஓட்டுனப்ப தினமும் அந்த ஐஸ் ஃபேக்டரிக்குப் போவேன். மச்சாது அண்ணன் நம்பர் எங்கிட்ட இருக்கு.”

“வேலையா இருப்பான், தொந்தரவு பண்ணாதேயும்,” என்று அண்ணாச்சி அவசரமாக எழுந்தார். அதற்குள் மணி அடித்து, ஸ்பீக்கரில் குரலே வந்துவிட்டது. கொம்பையா விஷயத்தைச் சொன்னார். ஆயிரமாவது லெவல் என்ற இடத்தில் அந்தப் பக்கம் இருமல் சத்தம்.

“யாரு, நம்ம செல்வினா? ஆறு வருஷம் ஆடினேன்யா அவன்கிட்ட. ஒண்ணாம் லெவல். அந்தக் கோழிதான் என்னைக் கொன்னுச்சு.”

அண்ணாச்சி வேட்டியை இறக்கிவிட்டார். பென்சிலை எடுத்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“சரி. எல்லாரும் மூணாம் லெவல் போட்டுக்கிடுங்க.”

ஜெரினா பகடையைக் கையில் எடுத்தார். போனை வைக்கப்போன கொம்பையாவை அந்தக் குரல் தடுத்தது.

“ஏய், இருய்யா. எனக்கும் ஒரு ரெண்டாம் லெவலைப் போட்டு அடக்கம் பண்ணச் சொல்லு.”