சொந்தச் சுவரில் ஒரு ஆணி

சத்துணவு ஆயா செண்பகவல்லிக்கு வெகுநாளாக ஒரே ஏக்கம்: சொந்தச் சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டும். வாடகை வீடுகளில் எவரும் அதற்கு விட்டதில்லை. ஒருவழியாக வீடு வாங்கினாள். ஆணியை எடுத்த அன்றே நகராட்சி நோட்டீஸ் வந்தது. முன்னறைச் சுவர் தெருவை ஆக்கிரமித்திருக்கிறதாம், இடிக்க வேண்டுமாம்.

வீட்டை விற்ற தணிகாசலம் மீசையை நீவினார். "நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு. எவன் கட்டினானோ!"

"சரிங்கய்யா. கிரகப்பிரவேசத்துக்கு வந்துடுங்க," என்றாள் அவள்.

வந்தார். நகராட்சி அதிகாரியும் வந்திருந்தார். செண்பகவல்லி சால்வையோடு எழுந்தாள். "காத்தோட்டமான இந்த முன்னறையைக் கட்டினவருக்குத்தான் முதல் சால்வை. கொத்தனார் அந்தோணி அண்ணே, வாங்க!"

தணிகாசலத்துக்குப் பொறுக்கவில்லை. "அவன் கூலிக்காரன்! கூடவே நின்னு கட்டவெச்சது நான்!"

"அப்படிங்களா?" என்றார் அதிகாரி.

சால்வை தணிகாசலத்தின் தோளில் விழுந்தது. ஊரே கேட்டுவிட்டதால், சுவரைத் தன் செலவில் உள்ளே தள்ளிக் கட்டித்தரும் பொறுப்பும் கூடவே விழுந்தது.

புதுச்சுவர் காய்ந்ததும் செண்பகவல்லி ஆணியை அடித்தாள்.

"எதைம்மா மாட்டப்போற?" என்று கேட்டார் அந்தோணி.

"எதையும் இல்லண்ணே," என்றாள் ஆணியைத் தடவியபடி. "அடிக்கணும், அவ்வளவுதான்."